சமூக அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். நான் வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழும் சமூக அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, பெரும்பாலும் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள். 2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கிய நாளிலிருந்து அவற்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவருகிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகிவிட்டது. அடுத்து பாடத்திட்டம், அப்புறம் புத்தகம். அச்சாகி, கட்டுக்கட்டாகப் பள்ளியில் வந்து இறங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

'நாம் இந்தியர்' என்பதையும் 'நாம் உலகக் குடிமக்கள்' என்பதையும் நம் பாடநூல்கள் இரண்டு தனி விஷயங்களாக வைத்திருக்கின்றன. முதலாவதில் தேசியச் சின்னங்களும் சட்டப் பிரிவுகளும் வருகின்றன. இரண்டாவதில் நல்லெண்ண வாக்கியங்கள் வருகின்றன. இரண்டும் ஒரே மனிதர் வாழ்க்கையில் முட்டிக்கொள்கிற இடத்துக்குப் புத்தகம் போவதே இல்லை. வடசென்னைப் பிள்ளைகள் தினமும் நிற்பது அந்த இடத்தில்தான். அங்கே புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

எட்டாம் வகுப்புக் குடிமையியலில் 'குடிமக்களும் குடியுரிமையும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், குடியுரிமை பெறும் ஐந்து வழிகள், இழக்கும் மூன்று வழிகள் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. நல்ல பாடம்தான், குறை சொல்ல மாட்டேன். கடைசியில் உலகளாவிய குடியுரிமை பற்றிச் சிறு பத்தி ஒன்று. எங்கே வாழ்ந்தாலும் எல்லோரும் ஒரே உலகச் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள், எல்லோருக்கும் உரிமையும் பொறுப்பும் உண்டு என்பது அதன் சாரம். அந்தப் பத்தியோடு பாடம் முடிந்து, 'சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக' வந்துவிடுகிறது.

இந்தப் பாடம் நடத்திய ஒரு மாலையில் ஒரு பெண்பிள்ளை ஐந்து வழிகளையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வழி உறவினர்கள் புழல் பக்கம் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறார்கள். "மிஸ், எங்க சித்தி பொண்ணு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலதான் பொறந்தா. அப்ப அவளுக்குப் பிறப்புன்னு போடலாம்ல?" என்று கேட்டாள்.

போட முடியாது. சட்டத்தில் தேதிகள் இருக்கின்றன. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் போதும். அன்று முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. அந்தச் சித்தி பெண்ணின் அப்பா, அம்மா இருவருமே முகாம்வாசிகள். அவள் ஸ்டான்லியில் பிறந்தவள், தமிழில் படிக்கிறவள், காலை வழிபாட்டில் 'இந்தியா எனது நாடு' என்று உறுதிமொழி சொல்கிறவள். ஆனால் சட்டத்தின் கணக்கில் இந்தியர் இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இப்படி வாழ்கிறார்கள். 2021இல் அவற்றின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. பாடநூலில் அவர்கள் எந்தப் பத்தியில் வருகிறார்கள் என்று அந்தப் பிள்ளை தேடியது. எதிலும் வரவில்லை.

இங்கேதான் சொல்லித்தர எவ்வளவோ இருக்கிறது. நம் அரசியலமைப்பைக் கவனமாகப் படித்தால், சில உரிமைகளைக் குடிமக்களுக்கு மட்டும் என்றும் சில உரிமைகளை எந்த மனிதருக்கும் என்றும் அது பிரித்து வைத்திருப்பது தெரியும். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் தரும் 19ஆம் பிரிவு, அரசு வேலையில் சமவாய்ப்பு தரும் 16ஆம் பிரிவு ஆகியவை குடிமக்களுக்கு உரியவை. சட்டத்தின் முன் சமம் என்னும் 14ஆம் பிரிவும், உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காவலான 21ஆம் பிரிவும் இந்த மண்ணில் நிற்கிற எவருக்கும் உரியவை. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளை வெளியேற்ற முயன்றபோது, 1996இல் உச்ச நீதிமன்றம் இந்த 21ஆம் பிரிவை வைத்தே அவர்களைக் காக்கச் சொன்னது. 2002இல் சேர்க்கப்பட்ட 21அ பிரிவு ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி என்கிறது. இந்தியக் குழந்தைகளுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன். உன் சித்தி பெண் இன்னும் குடிமகள் ஆகவில்லை; ஆனாலும் அவள் பள்ளிக்கூடத்தில் உட்காருவது யாரும் போட்ட பிச்சை இல்லை, இந்த நாட்டின் அரசியலமைப்பே அவளுக்கும் அந்த இடத்தைத் தந்திருக்கிறது என்று. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பாடநூலில் இது இரண்டு பக்கம் இருந்திருந்தால் அவள் என்னிடம் கேட்கவே வேண்டியிருந்திருக்காது. உலகக் குடியுரிமை என்று தனியாக ஒரு பத்தி தேட வேண்டாம், அது நம் அரசியலமைப்புக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் மேல் வருகிற மரியாதை, நான்முகச் சிங்கத்தின் படத்தை வரையும்போது வருவதைவிடப் பலமடங்கு அதிகம். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் வரை போய்த் தனக்குப் பிறப்பால் உள்ள குடியுரிமையை நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 'பிறப்பு' என்று ஒரு சொல்லாகப் புத்தகத்தில் இருப்பது ஒரு மனுஷியின் வாழ்க்கையில் என்னவாக இருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? பெயர் போட வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

எங்கள் குடும்பமே கப்பலில் வந்த குடும்பம். பாட்டியும் தாத்தாவும் ரங்கூனில் இருந்தவர்கள். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கிளம்பி வந்தார்கள். வியாசர்பாடியில் அவர்களுக்கென்று அமைந்த பி.வி. காலனியின் பெயரில் உள்ள 'பி'யே பர்மாதான். ராஜாஜி சாலையில் பர்மா பஜார், தள்ளுவண்டியில் அத்தோ, மொய்ங்கா என்னும் பர்மிய நூடுல்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அத்தோ சாப்பிடாத வடசென்னைப் பிள்ளை இருக்காது. ஆனால் அது எப்படி இந்தத் தெருவுக்கு வந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. என் பாட்டி கடைசிவரை பர்மியப் பாட்டுகளைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாக்குச்சாவடிக்கு ஒரு தேர்தலுக்குக்கூடப் போகாமல் இருந்ததில்லை. இரண்டுமே அவர்தான்.

வெளிநாடுவாழ் இந்தியர் பற்றிப் பாடநூலில் வருகிறது. ஜனவரி 9 அவர்களுக்கான நாள் என்று வருகிறது. நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் ஒருபக்கம் இருக்கட்டும். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களையும், இலங்கை மலையகத்திலிருந்து 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்து எழுதுங்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் ஒரே நாளில் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆனார்கள். பிறகு இரண்டு அரசுகள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தன. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. குடியுரிமை என்பது கையில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, பறிபோனால்தான் தெரியும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழர் வரலாற்றை வைத்தே சொல்லலாம்.

அடுத்தது கடல்.

உலகக் குடிமக்களின் கடமை என்று வரும்போது எல்லாப் புத்தகமும் மரம் நடு, நெகிழிப் பையைத் தவிர், தண்ணீரைச் சேமி என்கிறது. சரி, செய்யட்டும். ஆனால் எண்ணூர்ப் பிள்ளையிடம் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமா? 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று 'டான் காஞ்சிபுரம்', இந்தியக் கொடி. மற்றது 'பி.டபிள்யூ. மேப்பிள்', மான் தீவுக் கொடி. கசிந்த எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் வாளியால் அள்ளினார்கள். கறுப்புக் கூழ் முழங்கை வரை ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டாலும் போகாமல் இருந்ததைப் பல அண்ணன்மார் இன்றும் சொல்வார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்து, வலையும் படகும் நாசமாயின. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். நெகிழிப் பையைத் தவிர்க்கும் கடமை இந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்றால், கப்பல் முதலாளிக்கும் ஆலைக்கும் என்ன கடமை இருக்கிறது? அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

காசிமேட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். கடலுக்குப் போகும் அப்பாவிடமோ மாமாவிடமோ சொல்லி, நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்து வரச் சொன்னேன். கப்பலின் பெயருக்குக் கீழே அது பதிவான துறைமுகத்தின் பெயர் இருக்கும். பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்த பெயர்களோடு வந்தார்கள்: பனாமா, மன்ரோவியா, மஜூரோ. மன்ரோவியா லைபீரியாவில், மஜூரோ மார்ஷல் தீவுகளில். உலக வரைபடத்தை விரித்து வைத்து அந்த ஊர்களைத் தேடினோம். "இவ்ளோ சின்ன தீவுக்கு இவ்ளோ பெரிய கப்பலா?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்து எல்லாம் வந்துவிட்டது. முதலாளி ஒரு நாட்டில் இருப்பார், கப்பல் இன்னொரு நாட்டுக் கொடியில் ஓடும், மாலுமிகள் வேறொரு நாட்டினர், எண்ணெய் கொட்டினால் பாதிப்பு நம் கரைக்கு. அப்படியானால் யாரைக் கேட்பது, எந்த நாட்டுச் சட்டம் செல்லும், உலக அளவில் என்ன ஒப்பந்தம் இருக்கிறது? பத்தாம் வகுப்பில் உலகமயமாதல் என்று தனிப் பாடமே இருக்கிறது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு அன்றுதான் அது புரிந்தது.

பெரம்பூரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1918 ஏப்ரல் 27 அன்று பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்னாடிக்) துணி ஆலைத் தொழிலாளர்களுக்காக மதராஸ் தொழிற்சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் ஒழுங்காக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. ஆகியோரோடு அதன் தலைவராக நின்ற பி.பி. வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி. மறு ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உருவானபோது, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தபடியே இந்தியா அதில் தொடக்க உறுப்பினராகச் சேர்ந்தது. வாஷிங்டனில் நடந்த அதன் முதல் மாநாட்டுக்கு வாடியா போனார். மதியச் சோற்றை நிம்மதியாகத் தின்ன நேரம் கிடைக்காத பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் பிரச்சினை ஒன்றரை வருடத்தில் உலக மேடைக்குப் போயிருக்கிறது. பத்தாம் வகுப்பு நூலில் வாடியாவும் 1918உம் இருக்கின்றன, ஆனால் ஒரு குறிப்பாக மட்டும்.

அதே ஆலையில் 1921இல் நடந்த வேலைநிறுத்தத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு பகுதித் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள், வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. தேசிய இயக்கம் உச்சத்தில் இருந்த வருடம் அது. எல்லோரும் இந்தியர் என்று மேடையில் பேசிய நேரத்தில், தெருவில் சாதி அப்படியேதான் இருந்தது. நம் பாடநூல்களின் முன்பக்கத்தில் 'தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்' என்று அச்சடிக்கிறோம். அந்த ஒரு வரிக்கும் உள்ளே இருக்கும் வரலாற்றுக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டதுபோல் இந்த அத்தியாயம் இருக்கும். எங்கள் பிள்ளைகள் புளியந்தோப்பு வழியாகத்தான் தினமும் நடக்கிறார்கள். அவர்களிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை.

இப்படியெல்லாம் எழுதினால் பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று குறைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்த பிள்ளைகள்தான் முகாம் பிள்ளைக்காக வருத்தப்பட்டதும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மணலிப் பக்கம் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைத் தங்கள் பெஞ்சில் இடம்விட்டு உட்காரவைப்பதும் இவர்கள்தான். அவர்கள் ஒன்றை நேசிப்பதற்காக இன்னொன்றைக் குறைத்துக்கொள்வதில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கைகூட இந்தியர் என்ற பெருமிதத்தையும் உலகக் குடிமக்கள் என்ற பொறுப்பையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் பிணக்கு இருக்கலாம், இதில் பிணக்கு இல்லை. எல்லா நாடுகளும் 2030க்குள் இதைக் கற்பிக்க வேண்டும் என்று ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு 4.7உம் சொல்கிறது. எப்படி எழுதுவது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

புறநானூற்றின் 192ஆம் பாட்டைப் பற்றி ஒன்று. 'யாதும் ஊரே' என்ற முதல் வரியைச் சுவரிலும் மேடையிலும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறோம். பெரியவர்களைக் கண்டு வியக்கமாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்றுதான் அந்தப் பாட்டு முடிகிறது. குடிமையியல் பாடத்தில் அதை வைப்பதானால் முழுப்பாட்டையும் வையுங்கள். பிள்ளைகள் தாங்குவார்கள்.

கடைசியாக, தேர்வு. எவ்வளவு நல்ல பாடம் எழுதினாலும் புக் பேக் கேள்வி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வகுப்பறை நடக்கும். ஆசிரியர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்குப் பாடம் முடிக்க வேண்டும், மதிப்பெண் காட்ட வேண்டும். 'குடியுரிமை பெறும் வழிகள் எத்தனை' என்று கேட்டால் ஐந்து என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். அதற்குப் பதிலாக இப்படி ஒரு கேள்வி வையுங்கள்: 'உன் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி இந்தியக் குடிமகள் அல்ல. அரசியலமைப்பின்படி அவளுக்கு உள்ள உரிமைகள் இரண்டும் இல்லாத உரிமைகள் இரண்டும் எழுதுக. இந்த வேறுபாடு சரியா என்று உன் கருத்தைக் கூறுக.' ஐந்து மதிப்பெண். கருத்துக்கு இரண்டு மதிப்பெண் தாராளமாகக் கொடுங்கள். அந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் காரணம் சொல்லியிருந்தால் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பாவம், திருத்துகிறவர் தடுமாறுவார். ஆசிரியர் கையேட்டில் சட்டப் பிரிவுகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் எளிய தமிழில் இருக்கட்டும். இதைப் பற்றிப் பேசத் தயங்கும் ஆசிரியர்களுக்கு அதுவே துணையாக இருக்கும்.

இன்னும் ஒன்றே ஒன்று. வரைவுப் பாடத்தை அச்சுக்கு அனுப்பும் முன் எண்ணூர், மணலி, புழல், காசிமேடு பக்கத்துப் பள்ளிகளில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். முகாம் பிள்ளைகளும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்கள் பேசாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மாலை வகுப்புக்கும் வரலாம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கும், ஞாயிறு மட்டும் விடுமுறை.

நன்றியுடன்,
மாலை வகுப்பு ஆசிரியை ஒருவர்
வியாசர்பாடி, சென்னை